எம்.ஐ.ஏ.யின் இயந்திரமும் எங்கள் தப்பும்

யுத்தத்தின் கடைசி மாதங்களில், 2009 இல், அமெரிக்கத் தொலைக்காட்சியில் வன்னியைப் பற்றிப் பேசிய பாடகியாகவே எம்.ஐ.ஏ.யை நம்மில் பலர் அறிவோம். அவருடைய பேச்சைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. தாளத்தைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் தப்புச் சத்தத்தோடு வளர்ந்த எனக்கு அந்தத் தாளம்தான் முக்கியமாகப் படுகிறது.

மாதங்கி அருள்பிரகாசம் 1975 இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். தந்தை அருளர் ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். மலையகத் தமிழரையும் சேர்த்தே விடுதலையைப் பேசிய இயக்கம் அது. அருளரின் ‘லங்கா ராணி’ நாவல், 1977 வன்செயலுக்குப் பின் கொழும்பிலிருந்து கப்பலில் வடக்கே அனுப்பப்பட்ட அகதிகளைப் பற்றியது. அதே வன்செயல்தான் எங்கள் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்களை வவுனியா, கிளிநொச்சிக் காடுகளுக்குத் துரத்தியது. பிறகு அந்தக் குடும்பங்கள் முள்ளிவாய்க்கால் வரை நடந்தன. வடக்கு யுத்தத்தில் மலையகமும் செத்தது என்பதை இன்னும் நாம் உரக்கச் சொல்லவில்லை.

1986 இல் தாயார் கலா பிள்ளைகளோடு லண்டனுக்குத் திரும்பினார். தெற்கு லண்டன் மிச்சத்தில் அரசாங்கக் குடியிருப்பில் வீடு. வீட்டிலிருந்த வானொலி திருட்டுப்போனபின், பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக வந்த ஹிப் ஹொப்பைக் கேட்டே அந்த இசை தனக்குப் பழகியதாக மாதங்கி சொல்லியிருக்கிறார். லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

அவர் படித்தது இசையல்ல, ஓவியமும் திரைப்படமும். எலாஸ்டிகா என்ற இசைக்குழுவின் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கப் போன இடத்தில், பீச்சஸ் என்ற கலைஞர் ரோலண்ட் எம்.சி.505 என்ற கருவியைக் காட்டி, நீயே செய்து பார் என்று தூண்டினார். பொத்தான்கள் நிறைந்த ஒரு பெட்டி அது. அதற்குள் முரசுச் சத்தங்கள் இருக்கும். எந்தத் தட்டில் எந்தச் சத்தம் விழவேண்டும் என்று நாம் பதித்துவிட்டால், நிறுத்தும்வரை அது சுற்றிச் சுற்றி ஒலிக்கும். ராகமோ சுரமோ தெரிய வேண்டியதில்லை, தாளம் காதில் இருந்தால் போதும். அந்தப் பெட்டியில் பிறந்த ‘கலாங்’ பாடல் 2003 இல் வெறும் 500 இசைத்தட்டுகளாக வெளிவந்தது. 2005 இல் முதல் தொகுப்பு, தந்தையின் பெயரில்.

இரண்டாவது தொகுப்பு ‘கலா’, 2007. அமெரிக்கா விசா கொடுக்காததால் ஊர் ஊராகப் போய்ப் பதிவுசெய்தது. நல்லதாகப் போயிற்று என்பேன். சென்னையில் உறுமி வாசிப்பவர்களைக் கூட்டிப் பதிவுசெய்தார். உறுமி இருமுகத் தோல்வாத்தியம். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது மாடு முனகுவதுபோல ஒரு சத்தம் எழும். ‘பேர்ட் ஃபுளூ’, ‘பாய்ஸ்’ இரண்டையும் அந்த முனகலே தூக்கிச் செல்கிறது. முதல் பாட்டான ‘பாம்பூ பங்கா’வில் இளையராஜாவின் ‘தளபதி’ படப் பாட்டின் துண்டு ஒன்று இருக்கிறது. பழைய ஒலிப்பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி, வேகம் மாற்றி, புதிய பாட்டுக்குள் தைப்பதைத்தான் சாம்பிள் என்கிறார்கள். அவருடைய தாயார் லண்டனில் பிழைப்புக்குத் தையல் வேலை செய்தவர். மகளும் ஒருவகையில் அதைத்தான் செய்கிறார்.

அந்தப் பதிவுப் பயணத்தில் டிரினிடாட்டும் ஒரு தரிப்பிடம். 1845 முதல் இந்தியர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தீவு அது. அங்கே இன்றும் தாசா என்ற பறை முழங்குகிறது. மலேசியத் தோட்டத் தமிழரின் பேரப்பிள்ளைகள் உறுமி மேளக் குழுக்கள் வைத்திருக்கிறார்கள். கப்பலில் மனிதர்களை ஏற்றியவர்கள் வாத்தியத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

எங்களிடம் இருப்பது தப்பு. ஒரு காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டது அதுதான். சி. வி. வேலுப்பிள்ளை தன் ஆங்கிலக் கவிதையில் அந்த விடியல் முழக்கத்தைப் பதித்துவைத்தார். மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு வேண்டும், திருவிழாவுக்கு வேண்டும், சாவுக்கும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. தூரத்து மலையில் நின்று கேட்டே அந்த லயத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள் எங்கள் பெரியவர்கள்.

ஆனால் தப்படித்தவரைத் திண்ணையில் உட்காரவைக்காத வீடுகளும் அதே லயத்தில் இருந்தன. யாழ்ப்பாணத்துப் பறைக்கும் இதே கதைதான். சாவு வீட்டுக்கு அடிக்கமாட்டோம் என்று இளைஞர்கள் சொன்னபோது அதில் முழு நியாயம் இருந்தது. கலை அழிகிறதே என்று புலம்புகிறவர்களில் எத்தனை பேர் தம் பிள்ளையின் கையில் தப்பைக் கொடுப்பார்கள்? இப்போது திருவிழாவில் வாடகை ஒலிபெருக்கிப் பெட்டிகள் அதிர்கின்றன. பெட்டியை இயக்குபவரிடம் யாரும் சாதி கேட்பதில்லை.

எம்.ஐ.ஏ. செய்ததை நான் இந்த இடத்தில் வைத்தே பார்க்கிறேன். எந்தத் தோல்வாத்தியத்தை நாம் சாதியின் பெயரால் வாசலோடு நிறுத்தினோமோ, அதன் உறவான ஒன்றை அவர் பாட்டின் நடுவில் வைத்தார். இழிவென்று கேட்கும் பழக்கம் இல்லாத காதுகள் உலகம் முழுவதும் அதற்கு ஆடின. அதே தொகுப்பின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008 இல் அமெரிக்கப் பாடல் பட்டியலில் நான்காம் இடம்வரை போனது. ஆனாலும் இயந்திரம் சத்தத்தை எடுத்துக்கொள்ளும், அடித்தவரின் பெயரையும் கூலியையும் தானாக எடுத்துச்செல்லாது. சாம்பிள் இசை முழுவதற்கும் உள்ள கேள்வி இது, அவருக்கு மட்டுமானதல்ல.

அன்றைக்கு அந்தப் பெட்டி செய்த வேலையைச் செய்ய இன்றைக்கு ஒரு சாதாரண ஸ்மார்ட் ஃபோனும் இலவச மென்பொருளும் போதும். தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் உள்ள பையன்களிடம் ஃபோன் இருக்கிறது, அடி தெரிந்த தாத்தாக்கள் சிலரும் இன்னும் இருக்கிறார்கள். பதிவுசெய்யப் போகிறவர்களுக்கு ஒரு விசயம்: நுவரெலியாப் பனியில் தப்பின் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். பக்கத்தில் சருகு நெருப்பு அணையாமல் இருக்கட்டும், காய்ச்சிய கையோடு பதிவுசெய்யுங்கள்.