குழாய் காலியாக இருக்கும் நேரம்

காலையில் தண்ணீர் வருவதற்குச் சற்று முன்னால் குழாய் இருமும். ‘புஸ்’ என்று காற்றை விடும். பிறகு கலங்கலாக ஒன்றிரண்டு செம்பு, அதற்குப் பிறகுதான் தெளிந்த நீர். சென்னையின் பழைய தெருக்களில் வளர்ந்தவர்களுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லும் ஓசை அது. அந்தக் காற்று குழாய்க்குள் எப்படிப் போனது? கொஞ்சம் வால்வு வழியாக, கொஞ்சம் திறந்து கிடக்கும் குழாய்கள் வழியாக. மீதிக்கு வழிவிட்டவை மண்ணுக்கடியில் இருக்கும் விரிசல்களும் தளர்ந்த இணைப்புகளும். காற்று நுழைந்த வழியில் வேறெதுவும் நுழையாது என்று யாரும் உறுதி தர முடியாது.

புழலிலும் செம்பரம்பாக்கத்திலும் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீரைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. படிகாரம் போட்டு வண்டலை இறக்கி, மணல் வடிகட்டியில் விட்டு, குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். நிலையத்தின் வாசலில் அது நல்ல தண்ணீர். நம் வீட்டுக் குழாய்க்கு அது வரும் பாதைதான் கவலை தருகிறது. கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914இல் தொடங்கியது. அதற்குப் பின் நகரம் வளர வளர ஒட்டுப்போட்டு நீட்டிய வலை இது. பல தெருக்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் சில அடி இடைவெளியில்தான் ஓடுகின்றன.

குழாய் நிறைந்து அழுத்தத்தோடு ஓடும்போது விரிசல் வழியே தண்ணீர் வெளியே கசியும். அது நஷ்டமே தவிர, ஆபத்து இல்லை. வால்வை மூடியதும் அழுத்தம் விழுகிறது. அதே விரிசல் வெளியிலிருப்பதை உள்ளே விடும் வாயாகிவிடுகிறது. இரவெல்லாம் ஊறிய சாக்கடை ஈரம் மெல்ல உள்ளே இறங்கும். நாளில் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் எந்த நகரத்திலும் இது அன்றாடம் நடக்கக்கூடியது. தெருக்குழாயில் நேராக மோட்டார் பொருத்தி உறிஞ்சுவது இதை இன்னும் மோசமாக்குகிறது. தடை இருந்தும் நடக்கிறது. ஒரு வீட்டு மோட்டாரின் இழுப்பில் உள்ளே வரும் அழுக்கு அந்த வீட்டோடு நிற்காது. மோட்டார் இல்லாத பக்கத்து வீட்டுக் குழந்தையின் டம்ளருக்கும் போகும். இதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்லர், தண்ணீர் ஏறாத வீட்டுக்காரர்கள். ஆனாலும் இது பிறர் உடம்போடு விளையாடுவதுதான்.

கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாடில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே சில வார்டுகளில் 24 மணி நேரமும் தண்ணீர் ஓட, மற்ற வார்டுகளில் சில நாளுக்கு ஒருமுறை வந்தது. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டார்கள். விட்டுவிட்டு வரும் குழாய்களில்தான் மலக்கலப்பைக் காட்டும் ஈகோலி கிருமி மிக அதிகமாகக் கிடைத்தது. தண்ணீர் திறந்துவிட்ட முதல் சில நிமிடங்களில் வருவதில் கலங்கலும் கிருமியும் கூடுதல். நம் அம்மாக்கள் முதல் தண்ணீரைப் பிடித்துக் கீழே ஊற்றியதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

குளோரின் இருக்கிறதே என்று கேட்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோல், ஐஎஸ் 10500, குழாய்முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் வேண்டும் என்கிறது. ஆனால் வழியில் சேரும் அழுக்கோடு போராடியே குளோரின் தீர்ந்துபோகும். கடைமடைத் தெருவுக்கு வரும்போது என்ன மிச்சம் என்பதுதான் கேள்வி. அங்கிருந்து வீட்டு நிலத்தடித் தொட்டியான சம்ப்பில் விழுந்து இரண்டு நாள் கிடந்தால் காவலே இல்லாத தண்ணீர்தான்.

குளோரின் நெடி அடித்தாலும் முழு நிம்மதிக்கு இடமில்லை. 1955 நவம்பரில் டெல்லியில் வெள்ளத்துக்குப் பிறகு யமுனையின் போக்கு மாறி, சாக்கடை நீர் வஜிராபாத் நீரேற்று நிலையத்துக்குள் புகுந்தது. அதிகாரிகள் குளோரினைக் கூட்டினார்கள். டைபாய்டும் சீதபேதியும் பெருகவில்லை. ஆனால் சில வாரங்களில் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அது ஹெபடைட்டிஸ் ஈ வைரஸ் என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருக்கும் பெண்களை அதிகம் கொல்லும் நோய் இது. 

இவ்வளவுக்கும் நடுவே வீடுகளில் பேச்சு எதைப் பற்றி? டிடிஎஸ் பற்றி. கையில் மீட்டரோடு வரும் ஆர்ஓ சுத்திகரிப்புக் கருவி விற்பனையாளர் எண்ணைக் காட்டிப் பயமுறுத்துகிறார். அந்த மீட்டர் கரைந்த உப்பை மட்டுமே சொல்லும். ஒரு குடத்தில் ஒரு கரண்டி சாக்கடை கலந்தாலும் அந்த எண் சொல்லும்படி ஏறாது. ஆர்ஓ நல்லபடி பராமரிக்கப்பட்டால் கிருமியை வடிகட்டும், உண்மைதான். ஆனால் ஆர்ஓ வைத்த வீட்டிலும் பல் துலக்குவதும், கொத்தமல்லி கழுவுவதும், பால்புட்டி அலசுவதும் எந்தத் தண்ணீரில்?

வடகிழக்குப் பருவமழை மாதங்களில்தான் மிகுந்த கவனம் வேண்டும். குழாய் கிடக்கும் பள்ளமே நீரில் மூழ்கி, விரிசல்கள் சாக்கடைக்குள் கிடக்கும் காலம் அது. முதல் வாளியைத் துணி துவைக்கவோ கழிப்பறைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர் தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். இளஞ்சூடு கணக்கில் வராது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். சம்ப்பின் மூடி தரைமட்டத்தில் இருந்தால் அதை ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். பக்கத்தில் சாக்கடைச் சேம்பர் இருந்தால் சுவரில் கசிவு இருக்கிறதா என்று தண்ணீர் வற்றிய நாளில் இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரில் நாற்றமோ நிறமோ தெரிந்தால் ஒரு வீட்டுப் புகாராக விடாமல், தெருவில் எத்தனை வீட்டில் அப்படி வருகிறது என்று கேட்டு எல்லோருமாகக் குடிநீர் வாரியத்தில் பதிவு செய்யுங்கள். எங்கே உடைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அந்த வீடுகளின் வரிசையே உதவும்.

ஒடிசாவின் புரியில் 2021 முதல் குழாயில் நேராகக் குடிக்கும் தண்ணீர் 24 மணி நேரமும் வருகிறது. புரி சிறிய ஊர், சென்னையின் தேவை பன்மடங்கு. ஆனாலும் குழாயை அழுத்தம் குறையாமல் வைத்திருப்பதை வசதியாக எண்ணாமல் நோய்த்தடுப்பாக எண்ணிச் செலவு செய்யத் தொடங்கலாம். அதுவரை நாம் கேட்க வேண்டியது, சுத்திகரிப்பு நிலையத்தின் அறிக்கையை அல்ல; நம் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில், மழை பெய்த மறுநாள், தண்ணீர் வந்த ஐந்தாவது நிமிடத்தில் எடுத்த மாதிரியின் முடிவை.