பிரேக் இல்லாத ஸ்கூட்டர்!

முட்டுக்காடு படகுத் துறைப் பக்கம் போனவர்கள் தண்ணீர் மேல் விர்ரென்று பாயும் வாட்டர் ஸ்கூட்டரைப் பார்த்திருப்பீர்கள். அது எப்படி ஓடுது தெரியுமா?

அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கக் குழாய் வழியாகப் பீய்ச்சி அடிக்கும். தண்ணீர் பின்னால் போக, வண்டி முன்னால் போகும். நாம் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான்! ஹேண்டிலைத் திருப்பினால் குழாயின் முனை திரும்பும், வண்டியும் திரும்பும்.

இங்கதான் ஆபத்தே இருக்கு. எதிரே ஆள் தெரிந்தால் பயத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுவோம். தண்ணீர் பீய்ச்சுவது நின்றுவிடும். அப்புறம் ஹேண்டிலை எவ்வளவு திருப்பினாலும் வண்டி திரும்பாது, நேராகவே வழுக்கிக்கொண்டு போகும். பல வண்டிகளில் பிரேக்கும் கிடையாது.

எங்க அப்பா கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுபவர். அவரால் சட்டென்று விலக முடியுமா? அதனால்தான் இந்த விதிகள்:

1. நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிப் போட வேண்டும்.

2. சாவிக் கயிற்றை மணிக்கட்டில் மாட்ட வேண்டும். ஓட்டுபவர் விழுந்தால் கயிறு கழன்று என்ஜின் நின்றுவிடும்.

3. குளிப்பவர்கள், படகு, வலை இருக்கும் பக்கமே போகக் கூடாது. தள்ளிப் போவதுதான் இதற்கு பிரேக்.

4. எதிரெதிரே வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். ரோட்டில் இடது, தண்ணீரில் வலது!

5. பீய்ச்சும் குழாய்க்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

6. நம் வயதுக்காரர்கள் பயிற்சியாளர் இல்லாமல் ஏறக் கூடாது.

ஓட்டுபவருக்கு அது விளையாட்டு. தண்ணீரில் நிற்பவருக்கு உயிர்!

– 9ஆம் வகுப்பு மாணவி