இரு சனாதிபதிகளுக்கு இடைப்பட்ட நாட்கள்

பிரித்தானிய முறையிலமைந்த பாராளுமன்ற ஆட்சியிலே தேர்தலில் தோல்வியுற்ற பிரதமர் பெரும்பாலும் மறுநாளே தம் வாசத்தலத்தை விட்டு நீங்குவர். வென்றவர் அன்றே புகுவர். அமைச்சர் மாறினும் அமைச்சுக்களின் நிரந்தரச் செயலாளர் மாறார். ஐக்கிய அமெரிக்காவின் நிலை வேறு. ஆங்குச் சனாதிபதி மாறுங்கால் அரசியல் நியமனத்துக்குரிய ஏறக்குறைய 4,000 பதவிகளும் உடன் மாறுதற்குரியன. அவற்றுள் 1,200 வரையிலானவற்றுக்குச் செனற் சபையின் இசைவும் வேண்டும். நவம்பர்த் தேர்தலுக்கும் பதவியேற்புக்கும் இடையே அதிகாரம் ஒருவரிடமும் மக்களாணை மற்றொருவரிடமும் இருக்கும். இவ்விடைவெளியை அரச திணைக்களங்கள் எவ்வாறு நிரப்புகின்றன என்பது ஈண்டு ஆராயற்பாலது.

முன்னாளில் இவ்விடைவெளி மார்ச்சு 4 வரை நீண்டிருந்தது. குதிரை வண்டியிற் பயணஞ் செய்த காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம், பிற்காலத்துக்குப் பொருந்தவில்லை. 1860 நவம்பரில் லிங்கன் தெரிவாகி, மறு ஆண்டு பதவியேற்குமுன் ஏழு மாநிலங்கள் ஒன்றியத்தினின்றும் பிரிந்துவிட்டதாக அறிவித்தன. 1932ஆம் ஆண்டுத் தேர்தலின் பின்னர், விலகவிருந்த ஹூவரும் வரவிருந்த ரூஸ்வெல்ற்றும் ஒருவர் கொள்கைக்கு மற்றவர் இசையாது நிற்க, நாட்டின் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. 1933இல் உறுதிப்படுத்தப்பெற்ற அரசியலமைப்பின் 20ஆந் திருத்தம் பதவியேற்பைச் சனவரி 20ஆந் தேதிக்கு முற்படுத்திற்று. 1937இல் அது முதன்முறை நடைமுறைக்கு வந்தது.

நாட்களைக் குறைத்தமை மட்டும் போதியதன்று. புதியவர் தம் குழுவினரை எங்கே இருத்துவது, அவர்தம் செலவை யார் கொடுப்பது என்னும் வினாக்கள் எஞ்சின. நெடுங்காலம் கட்சியும் செல்வந்தருமே அச்செலவைத் தாங்கினர். பொருளுதவியவர்க்குப் புதிய ஆட்சி கடமைப்பட நேரும் என்பதைக் கூறவும் வேண்டுமோ? சனாதிபதி கெனடி இதற்கொரு சட்டம் வேண்டினார். அவர் மறைந்தபின், 1964 மார்ச்சில் ஜோன்சன் கையொப்பமிட்ட 1963ஆம் ஆண்டின் சனாதிபதி மாற்றச் சட்டம், இப்பணிக்கு 900,000 டொலர் வரை செலவிட இடமளித்தது.

இச்சட்டத்தை நடத்தும் பொறுப்பு வியப்புக்குரிய ஓரிடத்தில் வைக்கப்பட்டது. அரசின் கட்டிடங்களையும் தளபாடங்களையும் வாகனங்களையும் பராமரிக்கும் பொதுச் சேவைகள் நிருவாகமே அது. அலுவலக அறையும் தொலைபேசியும் ஊழியர் சம்பளமும் வழங்குவது அதன் கடன். ஆனால் வழங்குமுன், ‘வெற்றி பெற்றவராகத் தோன்றுபவர் இவர்’ என அதன் தலைவர் தீர்மானித்தல் வேண்டும். எவ்வளவையால் தீர்மானிப்பது என்பதைச் சட்டம் கூறவில்லை.

ஏனைத் திணைக்களங்களின் பணி ஆரவாரமற்றது. தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னரே ஒவ்வொரு பெரிய திணைக்களமும் கட்சிச் சார்பற்ற மூத்த அலுவலர் ஒருவரை இதற்கென நியமிக்கின்றது. எவர் வெல்வார் என்று அறியாமலே அவர்கள் அறிக்கைகளைத் தொகுக்கின்றனர்: நடைபெறும் பணிகள், நிலுவையிலுள்ள வழக்குகள், முதல் வாரங்களிலேயே முடிவு செய்யவேண்டியவை ஆகியன அவற்றில் அடங்கும். சமஷ்டிப் புலனாய்வுப் பணியகம் நியமனம் பெறவிருப்போரின் பின்னணியை ஆராய்கின்றது. அரச ஒழுக்கநெறி அலுவலகம் அவர்தம் சொத்து விவரத்தைச் சோதிக்கின்றது. சனவரி 20 நண்பகலில், விலகுபவரின் ஆவணங்கள் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய சுவடிக் கூடத்தின் பொறுப்பாகின்றன.

முன் கூறிய அந்த ஒற்றைத் தீர்மானமே இருமுறை தடையாயிற்று. 2000ஆம் ஆண்டில் புளோரிடா மாநில வாக்குகள் பற்றிய வழக்கு உயர் நீதிமன்றில் டிசம்பர் 12 வரை நீடித்தமையால், புஷ் அவர்களின் குழுவினர்க்கு அரச உதவி அதுவரை கிடைத்திலது. 2001 செப்ரெம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த ஆணைக்குழு, இவ்வாறிழந்த நாட்களால் முக்கிய அலுவலரின் நியமனம் தடைப்பட்டதெனத் தன் அறிக்கையிற் குறித்தது. 2020இல் தேர்தல் நவம்பர் 3இல் முடிந்தும், நிருவாகி எமிலி மேர்பி நவம்பர் 23இலேயே தம் மடலை விடுத்தார். தமக்கும் குடும்பத்தினர்க்கும், வளர்ப்புப் பிராணிகளுக்குங்கூட மிரட்டல் வந்ததென அம்மடலிலே எழுதினார். தளபாடங் காக்கும் அலுவலரின் தலைமீது ஒரு தேசத்தின் பூசலை ஏற்றியது சட்டத்தின் குறையேயாம்.

2022இற் செய்யப்பட்ட திருத்தம் அச்சுமையைக் குறைத்தது. ஐந்து நாட்களுள் எவரும் தோல்வியை ஒப்புக்கொள்ளாவிடின், முடிவு தெளியும்வரை இருதிறத்தாரும் உதவி பெறுவர். எனினும் உதவியை ஏற்குமாறு எவரையுங் கட்டாயப்படுத்தல் இயலாது. 2024இல் வென்ற டிரம்ப் அவர்களின் குழுவினர், ஒருவரிடம் 5,000 டொலருக்கு மேல் நன்கொடை பெறலாகாது, கொடுத்தோர் பெயரை வெளியிடல் வேண்டும் என்னும் நிபந்தனைகளுடன் கூடிய பொதுச் சேவைகள் நிருவாகத்தின் உடன்படிக்கையில் ஒப்பமிடாது, நவம்பர் இறுதியில் வெள்ளை மாளிகையுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, தம் செலவைத் தனியார் பொருளைக் கொண்டே நடத்தினர்.