குழந்தையின் காலமும் நீதிமன்றத்தின் காலமும்

ஒரு குழந்தைக்கு அதன் பெற்றோரே தீங்கிழைக்கும்போது அதனைக் காக்கும் பொறுப்பு அரசைச் சாரும் என்பதில் இன்று கருத்து வேற்றுமை இல்லை. ஆயின், அக்குழந்தையை வீட்டிலிருந்து அகற்றிய மறுகணமே வேறொரு வினா எழுகின்றது. அது இனி எங்கே வளரும்? எத்தனை காலத்திற்கு? பெற்றோரிடம் திரும்புமா, திரும்பாதா? இவற்றிற்கு விடை கூற வேண்டியவை நீதிமன்றங்களே. இத்துறையில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் கடந்த அரை நூற்றாண்டாக மேற்கொண்டுவரும் சீர்திருத்தங்கள், அவற்றின் வெற்றியாலும் குறைபாட்டாலும் ஒருங்கே படிப்பினை தருபவையாகும்.

1874ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் மேரி எல்லன் என்னும் சிறுமி வளர்ப்பு வீட்டில் கொடுமைக்குள்ளான செய்தி வெளிவந்தபோது, அவளுக்காக நீதிமன்றப் படியேற உதவியவர் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் நிறுவனரான ஹென்றி பெர்க் ஆவார். குழந்தைகளுக்கென அத்தகைய சங்கம் அதன் பின்னரே தோன்றியது. 1899இல் சிகாகோவில் அந்நாட்டின் முதல் சிறார் நீதிமன்றம் நிறுவப்பெற்றது. 1962இல் மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவர்தம் குழுவினரும் அடிபட்ட குழந்தைகளின் காயங்களைப் பற்றி எழுதிய ஆய்வுரை நாட்டை உலுக்கியது. சில ஆண்டுகளுக்குள் எல்லா மாநிலங்களும், வன்கொடுமை குறித்து ஐயம் எழுந்தால் மருத்துவர் முதலானோர் அரசுக்கு அறிவித்தாக வேண்டுமெனச் சட்டம் இயற்றின.

அறிவிப்புகள் பெருகின, அகற்றப்பட்ட குழந்தைகளும் பெருகினர். ஆனால் அவர்கள் திரும்பிச் செல்லும் வழியை எவரும் வகுக்கவில்லை. தற்காலிகமாக வளர்ப்புக் குடும்பத்தில் விடப்பட்ட குழந்தை, ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டிற்கு மாறி மாறி, பல ஆண்டுகளைக் கழித்தது. இந்நிலையை மாற்றவே 1980இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. குழந்தையை அகற்றுமுன் குடும்பத்தை ஒன்றாக வைத்திருக்க நியாயமான முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டனவா என்பதை நீதிபதி ஆராய வேண்டும். அகற்றிய பின் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை நிலைமை மீளாய்வு செய்யப்பட வேண்டும் என்றது அச்சட்டம்.

இதனால் நீதிபதியின் பணி அடிப்படையிலேயே மாறியது. நடந்து முடிந்த ஒன்றைப் பற்றித் தீர்ப்புக் கூறி வழக்கை முடிப்பது நீதிமன்றத்தின் வழமை. இங்கோ, நடந்துகொண்டிருக்கும் ஒரு குடும்ப வாழ்வை மாதக்கணக்கில் கண்காணிக்க வேண்டியதாயிற்று. பணி பெருகிய அளவிற்கு நீதிபதிகளோ நேரமோ பெருகவில்லை. விசாரணைகள் சில நிமிடங்களில் முடிந்தன. நியாயமான முயற்சி நடந்தது என்னும் முடிவு, பல இடங்களில் அச்சிட்ட படிவத்தில் இடும் ஓர் அடையாளமாகச் சுருங்கியது. ஒவ்வொரு விசாரணையிலும் வேறொரு நீதிபதி. தாயை முதன்முதலாக நடைகூடத்தில் சந்திக்கும் வழக்குரைஞர். வாய்தாவுக்குப் பின் வாய்தா.

வாய்தா என்பது வழக்குரைஞருக்கு நாட்குறிப்பில் ஒரு மாற்றம் மட்டுமே. இரண்டு வயதுக் குழந்தைக்கோ மூன்று மாத வாய்தா என்பது அதன் வாழ்நாளில் எட்டில் ஒரு பங்கு. அந்த இடைவெளியில் அது ஒருவரைத் தாயாக ஏற்கப் பழகிவிடும். அல்லது எவரையும் அவ்வாறு ஏற்காதிருக்கப் பழகிவிடும்.

1993இல் மாநில நீதிமன்றங்கள் தம் நடைமுறைகளைத் தாமே ஆராய்ந்து திருத்திக்கொள்ளக் கூட்டாட்சி அரசு நிதி ஒதுக்கியது. 1995இல் சிறார் மற்றும் குடும்ப நீதிமன்ற நீதிபதிகளின் தேசியப் பேரவை விரிவான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒரு குடும்பத்தின் வழக்கைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே நீதிபதி விசாரிக்க வேண்டும். வாய்தா அரிதாகவே தரப்பட வேண்டும். அனைவரும் கலைந்து செல்லுமுன் அடுத்த விசாரணை நாள் குறிக்கப்பட வேண்டும் என்பன அவற்றுள் சில. முதல் விசாரணைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குமாறும் அவை பரிந்துரைத்தன. தந்தை யார், பாட்டியோ சிற்றன்னையோ குழந்தையை ஏற்க இயலுமா, எந்த உதவி கிடைத்தால் குழந்தை இன்றே வீடு திரும்பலாம் என்னும் வினாக்கள் முதல் நாளிலேயே கேட்கப்பட்டால், பின்னர் வீணாகும் மாதங்கள் குறையும் என்பதே இதன் அடிப்படை.

நீதிமன்றத்தில் யாருடைய குரல் ஒலிக்கின்றது என்பதும் முதன்மையான வினாவாகும். குழந்தையின் சார்பில் பேச ஒருவரை அமர்த்துமாறு, நிதி பெறும் மாநிலங்களுக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டம் நிபந்தனை விதித்தது. 1977இல் சியாட்டில் நகர நீதிபதி டேவிட் சூகப், பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை இப்பணியில் ஈடுபடுத்தினார். பெற்றோரின் நிலை வேறு. அவர்களது உரிமையை நிரந்தரமாக நீக்குவதற்குத் தெளிவான, நம்பத்தக்க சான்று வேண்டுமென 1982இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் ஏழைப் பெற்றோர்க்கு எல்லா வழக்கிலும் அரசு வழக்குரைஞரை அமர்த்தித்தர வேண்டியதில்லை என அதே நீதிமன்றம் 1981இல் தீர்ப்பளித்திருந்தது. நியூயார்க் நகரில் நடைபெற்று 2019இல் வெளியான ஆய்வு ஒன்று இங்கே கருதத்தக்கது. வழக்குரைஞரும் சமூகப் பணியாளரும் இணைந்து பெற்றோர்க்குத் துணைநின்ற வழக்குகளில், குழந்தைகள் வளர்ப்புப் பராமரிப்பில் கழித்த காலம் நான்கு ஆண்டுகளில் சராசரியாக 118 நாட்கள் குறைந்தது. அவர்தம் பாதுகாப்புக்குக் குறைவு நேரவில்லை.

1997ஆம் ஆண்டுச் சட்டம் காலவரையறையை மேலும் இறுக்கியது. குழந்தையின் நிலையான இருப்பிடம் குறித்து 12 மாதங்களுக்குள் விசாரணை நடைபெற வேண்டும். கடைசி 22 மாதங்களில் 15 மாதங்கள் வெளியே வளர்ந்த குழந்தையின் பெற்றோர் உரிமையை நீக்க, சில விலக்குகள் நீங்கலாக, அரசு மனுச் செய்ய வேண்டும். நோக்கம் நன்றே. ஆயின் போதைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சைக்கு இடம் கிடைக்காமல் காத்திருக்கும் தாய்க்கும் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கின்றது. உரிமை நீக்கப்பட்ட பின் தத்தெடுப்போர் கிடைக்காத குழந்தைகள், சட்டத்தின் கண்களில் எவருக்கும் பிள்ளையல்லர்.

இன்னொன்றும் உண்டு. அந்நாட்டில் தீங்குற்றதாக உறுதிசெய்யப்படும் குழந்தைகளுள் ஏறத்தாழ முக்கால் பங்கினர், அடி உதையால் அன்று, புறக்கணிப்பால் பாதிக்கப்பட்டவர்கள். புறக்கணிப்பையும் வறுமையையும் பிரித்தறிவது எளிதன்று. வீட்டில் உணவில்லை என்பதும், உணவிருந்தும் ஊட்டவில்லை என்பதும் ஒரே படிவத்தில் ஒரே சொல்லாகப் பதிவாகக்கூடும். முன்னதற்கு மருந்து உதவி, பின்னதற்கே நீதிமன்றம்.

எனினும் மிகையான தயக்கமும் உயிரைப் பறிக்கும். விஸ்கான்சின் மாநிலத்தில் தந்தையிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்ட ஒரு சிறுவனின் உடலில் காயங்களைக் கண்டு, சமூகப் பணியாளர் பலமுறை குறித்து வைத்தார், குழந்தையை மீட்கவில்லை. நான்கு வயதில் அவன் மூளை மீளாச் சேதமுற்றது. அரசுக்கு அரசியலமைப்பின்படி பொறுப்பில்லை என 1989இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

அகற்றத் துணிவதும் அகற்றத் தயங்குவதும் இருவகைப் பிழைகளுக்கு இடந்தருவன. இவற்றிற்கிடையே நெறி காண எந்தச் சட்டவாசகமும் தனித்துப் போதாது. கோப்பைப் படிக்க நேரமுள்ள நீதிபதி, ஆயத்தமாக வரும் வழக்குரைஞர், வினவப்படும் உறவினர், காலந்தாழ்த்தாத உதவி ஆகிய எளிய ஏற்பாடுகளே அதற்குத் துணை. அவற்றிற்குச் செலவாகும் பணமும் பொறுமையும், குழந்தை இழக்கும் காலத்தை நோக்கப் பெரியன அல்ல.