பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின்

கோயமுத்தூர் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நின்று, வருகிற வண்டிகளையும் போகிற வண்டிகளையும் பார்த்துப் பொழுது போக்குகிறவர்களுக்குச் சமீப காலத்தில் ஒரு மாறுதல் புலப்பட்டிருக்கும். எஞ்சின் இல்லாத வண்டிகள் பெருகி வருகின்றன. 2023-ம் வருஷம் ஏப்ரல் மாதம் சென்னைக்கு ஒரு 'வந்தே பாரத்' வண்டி ஓட ஆரம்பித்தது. அதே வருஷக் கடைசியில் பெங்களூருக்கு மற்றொன்று வந்தது. இவற்றில் எஞ்சின் எங்கே என்று தேடினால் கிடைக்காது. பிரயாணிகள் உட்கார்ந்திருக்கும் பெட்டிகளின் அடியிலேயே மின்சார மோட்டார்களை மறைத்து வைத்திருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்துக்கும் கோயமுத்தூருக்கும் இடையே நாளெல்லாம் போய் வரும் 'மெமு' வண்டியும் இதே ஜாதிதான். குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு எஞ்சின் காட்டப் போகும் தகப்பனார் பாடு இனிமேல் கொஞ்சம் சிரமந்தான்.

சேரன், நீலகிரி முதலிய நீண்ட தூர வண்டிகளை இன்றும் எஞ்சின்தான் இழுக்கிறது. ஈரோட்டில் இருக்கும் மின்சார எஞ்சின் கொட்டகைக்கு இன்னும் வேலை குறையவில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதில் சந்தேகம் இல்லை. காரணமும் சாதாரணமானது. எஞ்சின் பூட்டிய வண்டி கடைசி ஸ்டேஷனுக்குப் போனதும் எஞ்சினைக் கழற்றி, வேறு தண்டவாளத்தின் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து, மறு முனையில் பூட்ட வேண்டும். மற்ற வண்டியில் டிரைவர் தமது பையை எடுத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போனால் போதும். பிளாட்பாரத்தில் மிச்சமாகும் ஒவ்வொரு நிமிஷமும் ரெயில்வேக்காரர்களுக்குப் பணம்.

இது நமது ஊர் விஷயம் மாத்திரம் அன்று. பிரான்ஸ் தேசத்தில் 1975-ம் வருஷம் 'கொராய்' என்ற பெயருடன் புதுவகைப் பெட்டிகளைக் கொண்டுவந்து, எஞ்சின் இழுக்கும் பிரயாணி வண்டிகளுக்கு ஒரு புதிய மதிப்பை உண்டாக்கினார்கள். பிறகு வந்த தொடர் வண்டிகள் அவற்றை ஒவ்வொரு பாதையாக ஒதுக்கிவிட்டன. பாரிஸிலிருந்து கிளெர்மோன் பெராணுக்கும், லிமோஜ் வழியாகத் துலூஸுக்கும் செல்லும் பாதைகளைப்போல் ஒரு சிலவற்றில்தான் 2020-க்குப் பிறகும் எஞ்சின் முன்னே நின்று பெட்டிகளை இழுத்தது. அந்த மிச்சத்தைக் கணக்கெடுத்து, போய்ப் பார்த்து, படம் பிடித்து வைத்துக்கொள்ளும் அபிமானிகள் அங்கே ஏராளம். நம்மிடம் அப்படி ஒரு கணக்கெடுத்தால் முதலில் எழுத வேண்டிய வண்டி எது? அது கோயமுத்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பிரயாணத்தில், மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் நிற்கிறது.

நீலகிரி மலை ரெயிலின் எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை, தள்ளுகிறது. இதை முதன் முதலில் பார்க்கிறவர்கள் எஞ்சினைத் தவறாகப் பின்னால் பூட்டிவிட்டார்கள் என்றே நினைப்பார்கள். தவறு ஒன்றும் இல்லை. மலையேறும்போது எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் இருக்க வேண்டும் என்பது இந்தப் பாதையின் விதி. நடுவழியில் ஒரு கொக்கி அறுந்தால்கூடப் பெட்டி உருண்டோட முடியாது. எஞ்சின் கீழே நின்று தாங்கிக்கொள்ளும்.

ஆனால் பின்னால் இருக்கும் டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை எப்படித் தெரியும்? தெரியாது. ஆகையால் ஒவ்வொரு பெட்டியின் முன் தளத்திலும் ஒரு பிரேக்மன் நிற்கிறார். முதற் பெட்டியில் நிற்பவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுகிறார். அதை அடுத்தவர் பார்த்துக் காட்ட, அவரைப் பார்த்து அதற்கடுத்தவர் காட்ட, இப்படியே செய்தி கடைசியில் எஞ்சினுக்கு வந்து சேருகிறது. யானை குறுக்கே நின்றாலும், பாறை உருண்டு கிடந்தாலும் அதை முதலில் காண்பது அவர் கண்தான். கொடியோடு பிரேக்கும் அவர் பொறுப்பு. டிக்கெட் வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்து அருவியைப் பார்க்கும் பிரயாணிகளில் எத்தனை பேர் அவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று நாம் சொல்ல விரும்பவில்லை.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலம் 2,203 மீட்டர். நடுவே 46 கிலோமீட்டர் பாதை. 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு வரையில் வண்டி சமதரையில் மற்ற வண்டிகளைப்போல ஓடுகிறது. அங்கேயிருந்து குன்னூர் வரையில்தான் வித்தை. பன்னிரண்டரை அடி முன்னே போனால் ஓரடி மேலே ஏற வேண்டும். வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்தின்மேல் வழுவழுப்பான இரும்புச் சக்கரம் இந்த ஏற்றத்தில் நின்ற இடத்திலேயே சுழலுமே தவிர ஏறாது. ஆகவே இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகளை அருகருகே பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும். எஞ்சினின் வயிற்றில் உள்ள பற்சக்கரங்கள் இவற்றைக் கடித்துக்கொண்டு ஏறுகின்றன. எந்த நேரத்திலும் ஏதேனும் ஒரு பல் நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்த வேலைக்காகவே செய்த எஞ்சினுக்கு 'எக்ஸ்' வகுப்பு என்று பெயர். ஸ்விட்ஜர்லாந்தில் விண்டர்தூர் நகரத்து ஆலை ஒன்று 1914 முதல் 1925 வரையிலும், மறுபடி 1952-லும் இவற்றைச் செய்து அனுப்பியது. அதன் பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸிலிண்டர்கள் தெரியும். சமதரையில் கீழ் ஸிலிண்டர் மாத்திரம் வேலை செய்து சாதாரணச் சக்கரங்களைச் சுற்றுகிறது. பற்பாதை வந்ததும் டிரைவர் நீராவியின் வழியைத் திருப்புகிறார். கீழ் ஸிலிண்டரில் வேலை முடித்த நீராவி, வெளியே போவதற்குப் பதிலாக மேல் ஸிலிண்டருக்குள் புகுந்து, மிச்சமிருக்கும் பலத்தால் பற்சக்கரத்தைச் சுற்றுகிறது. ஒரே தோசை மாவில் மறுநாள் ஊத்தப்பம் வார்க்கும் நமது வீட்டுச் சிக்கனம் விண்டர்தூர்க்காரர்களுக்கும் தெரிந்திருந்தது! இறங்கும்போது அந்த ஸிலிண்டர்களே காற்றை அழுத்தும் பம்புகளாக மாறி வண்டியைப் பிடித்து நிறுத்துகின்றன. பற்பாதையில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் இல்லை. காலை ஏழு மணி சுமாருக்குப் புறப்படும் வண்டி உதகமண்டலம் சேரப் பகல் பன்னிரண்டு ஆகிறது. நடுவில் தண்ணீர் குடிக்க வேறு நிற்க வேண்டும். ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும்போது பிரயாணிகள் தேநீர் குடிக்கிறார்கள். குரங்குகள் இரு தரப்பாரையும் மேற்பார்வை செய்கின்றன.

இந்தப் பாதை சுலபமாக வந்துவிடவில்லை. மலைக்கு ரெயில் விட வேண்டும் என்ற யோசனை 1854-லேயே எழுந்தது. 1862-ல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் பாதை போட்டவர்கள் கோயமுத்தூரைத் தொடாமல் போத்தனூர் வழியாகப் போய்விட்டார்கள். 1873-ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை பிரிந்தபோதுதான் கோயமுத்தூருக்கு ரெயில் ஸ்டேஷன் கிடைத்தது. ஆகவே கோயமுத்தூர் ரெயிலைக் கண்டதே நீலகிரியின் தயவால் என்று நாம் சொன்னால், இன்று ஆலைகளும் கல்லூரிகளுமாகப் பெருத்திருக்கும் அந்நகரத்தார் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறோம். மலைப் பாதைக்கு 1882-ல் ரிக்கன்பாக் என்ற ஸ்விஸ் நிபுணர் வந்து யோசனை சொன்னார். 1891-ல் வேலை ஆரம்பமாயிற்று. முதலில் எடுத்த கம்பெனி பணமில்லாமல் முறிந்தது. 1899-ல் குன்னூருக்கு வண்டி போயிற்று. உதகமண்டலம் சேர 1908 ஆயிற்று.

இனி, இதே போன்ற மற்றொரு மலைப் பாதையின் கதையைச் சொல்ல வேண்டும். வியத்நாமில் தாலாத் என்ற குளிர்மலை ஊர் இருக்கிறது. அங்கே ஆண்டுகொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்கள் நீலகிரியில் ஆங்கிலேயர் செய்ததையே செய்தார்கள். சுமார் 84 கிலோமீட்டர் நீளம். அதே மாதிரிப் பற்பட்டைகள். அதே விண்டர்தூர் ஆலையின் எஞ்சின்கள். 1932-ல் பாதை பூர்த்தியாயிற்று. பிறகு யுத்தம் வந்தது. வண்டி நின்றது. யுத்தம் ஓய்ந்ததும் அந்தப் பாதையின் இரும்பைப் பெயர்த்து வேறு உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். எஞ்சின்கள் காட்டில் துருப்பிடித்துக் கிடந்தன. 1990-ல் ஸ்விஸ் அபிமானிகள் வந்து அவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றித் தங்கள் நாட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். இன்று தாலாத் மலைக்குப் பற்சக்கர ரெயில் இல்லை.

நம்முடைய எஞ்சின்கள் ஏன் அந்தக் கதியை அடையவில்லை? இந்தியாவின் அகலப் பாதையில் நீராவி வண்டிகள் 1995-ல் முடிந்துவிட்டன. போத்தனூர் - பொள்ளாச்சி மீட்டர் பாதை 2017-ல் அகலப் பாதையாக மாறிவிட்டது. மேட்டுப்பாளையத்து எஞ்சின் மாத்திரம் நிலைத்ததற்கு, 2005-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் டார்ஜிலிங்கோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இதற்கும் இடம் கொடுத்ததுதான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். அந்தப் பெருமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதால் பாய்லரில் நீராவி ஏறாது. குன்னூர்க் கொட்டகையில் இரவில் பல்லும் திருகும் பார்த்துச் செப்பனிடும் பிட்டர்கள் இருப்பதால் ஏறுகிறது. விண்டர்தூர் ஆலை அந்தப் பெயரில் இன்று இல்லை. உதிரிப் பாகம் கேட்டுக் கடிதம் எழுத விலாசம் கிடையாது. அதனால் திருச்சிக்கு அருகேயுள்ள பொன்மலைத் தொழிற்சாலையில் நம்மவர்களே செய்துகொள்ளக் கற்றார்கள். பாகம் செய்யக் கற்ற கை முழு எஞ்சினையே செய்தது. 2011 முதல் பொன்மலையில் செய்த, எண்ணெய் எரிக்கும் புதிய 'எக்ஸ்' எஞ்சின்கள் மலையேறின. நீராவி யுகம் முடிந்து எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு, ஒரு தமிழ்நாட்டுத் தொழிற்சாலை புத்தம் புதிய நீராவி எஞ்சினை, காட்சிச் சாலைக்காக அல்ல, தினசரி ஓட்டத்துக்காகச் செய்து கொடுத்தது என்பது எளிதான காரியம் அன்று.

தினசரி ஓட்டம் என்பதைத்தான் நாம் அழுத்திச் சொல்கிறோம். இதைப் 'பொம்மை ரெயில்' என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள். இந்த வார்த்தை நமக்குப் பிடிக்கவில்லை. கால அட்டவணையில் நேரம் போட்டு, டிக்கெட் கொடுத்து, காலையில் மேலேயும் பிற்பகலில் கீழேயும் போய் வரும் பாஸஞ்சர் வண்டி இது. குன்னூருக்கு மேலே ஏற்றம் குறைவாகையால் பல் தேவையில்லை. டீஸல் எஞ்சின் பூட்டுகிறார்கள். வெல்லிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நின்று போகும் அந்த வண்டிகளில் உல்லாசப் பிரயாணியோடு மலைவாசியும் ஏறலாம். கீழ்ப் பாதியிலோ தினம் போவது ஒரு வண்டி, பெட்டிகளும் சில. அவற்றை வெளியூர்க்காரர்கள் பல நாள் முன்பே பதிவு செய்து நிரப்பிவிடுகிறார்கள். மேட்டுப்பாளையத்து மண்டியில் வேலை முடித்துக் குன்னூர் திரும்புகிறவர் பஸ்ஸைத்தான் தேட வேண்டியிருக்கிறது. சொந்த ஊர்க்காரருக்கு உபயோகமில்லாத வண்டி கஷ்டகாலத்தில் யாருக்காக ஓடும்? பெட்டிக்கு நாலு இடமாவது மலை ஜனங்களுக்கென்று பதிவில்லாமல் ஒதுக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

கஷ்டகாலம் என்று சொன்னது கற்பனை அல்ல. அது வருஷந்தோறும் ஐப்பசியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை பிடித்தால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிகிறது, பாறை உருள்கிறது, மரம் சாய்கிறது. நாட்கணக்கிலும், சில வருஷங்களில் வாரக்கணக்கிலும் வண்டி நிற்கிறது. பாதைத் தொழிலாளர்கள் மழையிலேயே நடந்து போய், மண்ணை வெட்டித் தள்ளி, பற்பட்டையில் சிக்கிய கல்லைப் பொறுக்கிச் சுத்தம் செய்த பிறகுதான் எஞ்சின் மறுபடியும் மேலே வருகிறது. ஆகையால் குடும்பத்தோடு போக எண்ணும் நேயர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வண்டி ஓடுகிறதா என்று முன்னதாக விசாரித்துக்கொள்வது நல்லது. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் அதிகாலையில் மேட்டுப்பாளையம் சேர்ந்துவிடும். கொஞ்சம் நேரம் கிடைத்தால் பெட்டியில் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தின் பின் கோடிக்கு நடந்து போய், எஞ்சினின் அந்த இரண்டு ஸிலிண்டர்களையும் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். வண்டி ஓடும்போது பார்க்க முடியாது.