வழியிலேயே தீர்த்துக்கொள்வோம்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை கண்டெய்னர் லாரிகளுக்கிடையே இருசக்கர வண்டியில் வேலைக்குச் செல்வோர் நம் குடும்பத்தினரே. தலைக்கவசமின்றிச் சென்றால் 1,000 ரூபாய், மது அருந்தி ஓட்டினால் 10,000 ரூபாய் என, 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி 2022 அக்டோபரில் தமிழகத்தில் அபராதம் உயர்த்தப்பட்டது.

"கட்டாவிட்டால் என்ன செய்துவிடுவார்கள்?" என்போர் நம்மிடையே உளர். வழக்கு நீதிமன்றம் செல்லும், அழைப்பாணை வரும், நீதிமன்றம் விதித்த அபராதத்தையும் செலுத்தாதோரின் அசையும் பொருள்களை ஜப்தி செய்து விற்கவும் ஆணை பிறக்கலாம். அன்று துன்புறுபவர் ஓட்டியவர் மட்டுமல்லர். அவர்தம் மனைவி மக்களுமே.

அபராதம் தவறாயின், நீதிமன்றத்தில் எடுத்துரைக்க நமக்கு உரிமையுண்டு, வாளாவிருத்தல் தீர்வன்று. நீதிபதியிடம் செல்லும் வழியிலேயே வழக்கைத் தீர்த்துக்கொள்ளுமாறு நம் ஆண்டவர் மொழிந்தது இதற்கும் பொருந்துமன்றோ? செலுத்துவோம், மறுநாள் தலைக்கவசத்தோடு புறப்படுவோம்.