பழைய ஜீப், புது ஓட்டம் – 11: எட்டுப் பல் பினியன்

ஸ்பிரிங் பட்டைகளைச் சென்ற வாரம் பூட்டி முடித்தோம். இனி வண்டி ரோட்டுக்கு வரலாம். வந்ததும் பழைய ஜீப் வைத்திருக்கும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “இன்ஜின் வேலை இப்போதுதான் பார்த்தது, நான்குவழிச் சாலையில் எழுபதைத் தாண்டினால் ஏன் இப்படிக் கத்துகிறது?”

இன்ஜினில் குறை தேட வேண்டாம். பின் ஆக்ஸில் ஹவுசிங்கைத் திறந்தால் பதில் கிடைக்கும். அங்கே எட்டுப் பல் பினியன் ஒன்று 43 பல் கிரவுனைச் சுற்றுகிறது. 43-ஐ 8-ஆல் வகுத்தால் 5.38. ப்ராப்பளர் ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்.பி. ஜீப்பில் இந்தக் கணக்கு 4.88. பினியனுக்கு அதே எட்டுப் பல், கிரவுனுக்கு 39. போர் முடிந்த 1945-ல் வில்லிஸ் அதே வண்டியை சி.ஜே.-2ஏ என்ற பெயரில் விவசாயிக்கு விற்க வந்தது. ஏர் இழுக்கவும், பாரம் இழுக்கவும், மெதுவாக நகரவும் வேண்டும் என்பதால் 5.38-க்கு மாற்றியது. 1947-ல் பம்பாயில் மஹிந்திரா ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியபோது நம் நாட்டுக்கு வந்ததும் இந்த சி.ஜே. வம்சம்தான். வயலுக்கென்று பிறந்த வண்டியை நாம் பைபாஸில் ஓட்டுகிறோம்.

6.00-16 டயர் போட்ட ஜீப், டாப் கியரில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும்போது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்? 5.38 என்றால் ஏறக்குறைய 3,100. அதுவே 4.88 என்றால் 2,800, வேறு பல் ஜோடி போட்டு 4.27 ஆக்கினால் 2,500, 3.73 ஆக்கினால் 2,150. பழைய பெட்ரோல் இன்ஜின் தன் முழு 60 குதிரைத் திறனைத் தருவதே 4,000 சுற்றில். 111 மி.மீ. நீளத்துக்கு பிஸ்டன் ஏறி இறங்கும் இன்ஜின் அது. 3,100 சுற்றில் மணிக்கணக்கில் ஓட்டினால் கத்தத்தான் செய்யும்.

அப்படியானால் 3.73 போட்டுவிடலாமே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய், தேனி, போடி வழியாகப் போடிமெட்டு வரை போகும் சாலையை நினைத்துப் பாருங்கள். போடி வரை பெரும்பாலும் சமவெளி. அதன்பின் 17 கொண்டை ஊசி வளைவுகள். பாரத்தோடு வளைவில் நின்று கிளம்ப, முதல் கியரின் இழுவை வேண்டும். சி.ஜே. ஜீப்பில் இருக்கும் டி-90 கியர் பாக்ஸின் முதல் கியர் 2.8. அதை 5.38-ஆல் பெருக்கினால் 15, 4.88-ஆல் பெருக்கினால் 13.7, 3.73-ஆல் பெருக்கினால் பத்தரைகூட வராது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இழுவை போய்விடும். கிளட்ச்சைப் பாதி மிதித்தபடிதான் ஏற வேண்டும், பிளேட் கருகும்.

லோ கியர் இருக்கிறதே என்பார்கள். இந்த ஜீப்புகளின் டிரான்ஸ்ஃபர் கேஸில் முன் ஆக்ஸிலைச் சேர்க்காமல் லோ விழாது. தார்ச் சாலையில் நான்கு சக்கரத்தையும் பூட்டி ஓட்டினால், வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருளும். அந்த முறுக்கு முழுவதும் பற்களிலும் ஜாயின்ட்டிலும் இறங்கும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும், தாரில் வழியில்லை.

பாகம் வாங்குமுன் உங்கள் வண்டியில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். பலர் கைபட்ட வண்டியில் ஆவணத்தை நம்ப முடியாது. நியூட்ரலில் வைத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். மற்றதற்கு இரண்டு பக்கமும் கல் முட்டுக் கொடுங்கள். ப்ராப்பளர் ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தை முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். கோடு ஐந்து முறை வந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே போனால் 5.38, ஐந்தாம் சுற்று முடியச் சற்றுமுன் நின்றால் 4.88. முன் ஆக்ஸிலையும் இப்படியே பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் ஒரு நாள் முன் ஆக்ஸிலும் வேறொரு நாள் பின் ஆக்ஸிலும் வாங்கிப் பூட்டிய வண்டி, நான்கு சக்கர ஓட்டத்தில் தன் பல்லைத் தானே உடைத்துக்கொள்ளும்.

கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்து எடுக்கப்பட்டவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் இருக்கும். எண் மாறிய ஜோடியை வாங்காதீர்கள். பூட்டும்போது கிரவுன் பற்களில் சாயம் தடவி, எதிர்ப்பிடி கொடுத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். சாயம் அழிந்த தடம் பல்லின் நடுவில் விழுந்தால் சரி. அடியில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது. நுனியில் விழுந்தால் விலகி நிற்கிறது. ஷிம் மாற்றி மறுபடி பூட்டி மறுபடி பார்க்க வேண்டும். அரை நாள் கூடுதலாகக் கேட்கும் மெக்கானிக்குக்கு அந்த அரை நாளைக் கொடுங்கள். அவசரத்தில் பூட்டிய டிஃபரன்ஷியல் ஊளையிட ஆரம்பித்தால் பிறகு நிற்காது.

ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும். அதன் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருவதால், 4.88-க்கு மாறிய வண்டி 60-ல் போகும்போது முள் 54-ல் நிற்கும். அதன் சிறு கியரையும் மாற்றுங்கள்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 2021-ல் வந்த விண்டேஜ் விதிகளின்படி 50 வயது கடந்த வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு. ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் மாற்றப்பட்டிருக்கக் கூடாது. டீசல் இன்ஜினைத் தூக்கி வைக்க நினைப்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

என் முடிவைச் சொல்கிறேன். மலையிலேயே உழைக்கும் ஜீப்புக்கு 5.38-ஐத் தொடாதீர்கள். பெட்ரோல் இன்ஜினோடு மதுரையில் இருந்து மாதமொரு முறை மலையேறும் ஜீப்புக்கு 4.88 போதும், போரில் வில்லிஸ் எம்.பி. ஓடிய கணக்கே அதுதான். குறைந்த சுற்றிலேயே இழுக்கும் டீசல் ஏற்கெனவே ஏறிவிட்ட வண்டிக்கு 4.27 வரை போகலாம். பெட்ரோல் வண்டிக்கு 3.73 வேண்டவே வேண்டாம்.

எதைப் போட்டாலும் வண்டியின் வேகத்துக்கு எல்லை வைப்பது அதன் டிரம் பிரேக். ஓட்டத்தைக் கூட்டியவர் நிறுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். அடுத்த வாரம் நான்கு டிரம்களையும் கழற்றுவோம்.

(தொடரும்)